முதலில் மிதி, அப்புறம் மது: ஒயின் ஊர்களில் சைக்கிள் பயணம் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஒயின் விளையும் ஊர்களுக்கு சைக்கிளில் போகிறவர்கள் முதல் நாளே செய்கிற தப்பு ஒன்று உண்டு. ஒயினைச் சேமித்து வைத்து ருசி பார்க்கவும் கொடுக்கும் நிலவறைகள் வரைபடத்தில் கண்ணில் பட்டால், அவற்றை எல்லாம் ஒரே நாளில் பார்த்துவிட ஆசைப்படுவது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். பிரான்சின் பர்கண்டியில், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே நான்கு இடம். அன்றைய குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் ஒயினைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். மூன்றாவது இடத்துக்கு வரும்போது இரண்டு வரி. நான்காவது இடத்தில் ஆறு ஒயினுக்கும் சேர்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று மட்டும், அதுவும் கோணல்மாணலாக. அறைக்குத் திரும்பும் கடைசி ஆறு கிலோமீட்டரும் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

அதற்குப் பிறகு ஓர் ஒழுங்குக்கு வந்தேன். சக்கரம் சுற்றுகிற வரை, ருசி பார்த்த ஒயினைத் துப்புவது. வண்டியைப் பூட்டிய பிறகு விழுங்குவது. ருசி பார்ப்பது வேறு, குடிப்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் பயணம் தானாக ஒழுங்குக்கு வந்துவிடும். கீழே சொல்வது எல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

படி 1: ஊரைத் தேர்ந்தெடுங்கள்

நல்ல ஒயின் விளைகிற இடம் எல்லாம் சைக்கிளுக்கு ஏற்ற இடம் அல்ல. திராட்சைக் கொடிக்குச் சரிவு பிடிக்கும். வெயிலும் வடிகாலும் அங்கேதான் கிடைக்கும். முழங்காலுக்குச் சரிவு பிடிக்காது. போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கு படத்தில் அள்ளிக்கொண்டு போகும், ஆனால் ஆற்றங்கரையிலிருந்து தோட்டங்களுக்கு ஏறுவதற்குள் நாக்கு தள்ளிவிடும். இத்தாலியின் கியாந்தியும் அப்படித்தான்: ஓயாத மேடு பள்ளம், நடுநடுவே வெள்ளைச் சரளை மண் பாதைகள். பழகியவர்களுக்கு அது சொர்க்கம். மற்றவர்கள் பேட்டரி வைத்த மின்சைக்கிளை வாடகைக்கு எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஆற்றங்கரைப் பாதைகள். கொடிகள் சரிவில் நிற்கும், நீங்கள் அடிவாரத்தில் சமதரையில் ஓட்டுவீர்கள்.

ஜெர்மனியின் மோசல் இதற்கு அருமையான உதாரணம். ட்ரியரிலிருந்து கோப்லென்ஸ் வரை ஆறு வளைந்து வளைந்து சுமார் 200 கி.மீ. போகிறது, பாதையும் கூடவே போகிறது. வழியில் பிரெம் என்ற ஊருக்குப் பின்னால் எழும் கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 65 டிகிரி வரை செங்குத்தானது. ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் என்று அதைச் சொல்வார்கள். அதில் நின்று வேலை செய்கிறவர்களைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால், கையிலிருக்கும் கோப்பையின் மேல் மரியாதை கூடும். கால் வலித்தால் ரயிலும் உண்டு. கோகெம் ஊருக்கு அருகே ஆறு 20 கிலோமீட்டருக்கு மேல் சுற்றிக்கொண்டு போகிற வளைவை, ரயில் 4.2 கி.மீ. சுரங்கத்தில் நுழைந்து சில நிமிடங்களில் தாண்டிவிடும்.

ஆஸ்திரியாவில் டான்யூப் கரையோரம் மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரையிலான வாஹாவ் பகுதி சுமார் 35 கி.மீ. தான். ஒரே நாளில் ஓட்டிவிடலாம், ஆனால் மூன்று நாள் ஒதுக்கினால்தான் அழகு. கல்லை அடுக்கிக் கட்டிய படிக்கட்டுத் தோட்டங்கள் மலை முழுக்க. 2000-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நிலப்பகுதி இது.

பிரான்சில் பர்கண்டியின் போன் நகரிலிருந்து சாந்தனே வரை சுமார் 22 கி.மீ. தோட்டப் பாதை ஒன்று போகிறது. போமார், வோல்னே, மெர்சோ, புலினி என்று புட்டியின் மேல் மட்டுமே பார்த்த பெயர்கள் ஒவ்வொன்றாக ஊர்ப் பலகையில் வரும்போது சிரிப்பு வந்துவிடும். தெற்கு அரைக்கோளம் என்றால் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு. 1983 காட்டுத்தீயில் சேதமான ரயில் பாதையின் தடத்தில் சுமார் 35 கி.மீ. சைக்கிள் பாதை போட்டு, அங்கே விளைகிற ரீஸ்லிங் திராட்சையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ரயில் ஓடிய தடம் என்பதால் ஏற்றம் மென்மையாகத்தான் இருக்கும். ஹெல்மெட் இல்லாமல் அந்த நாட்டில் சைக்கிள் ஓட்டினால் அபராதம், மறந்துவிடாதீர்கள்.

படி 2: எப்போது போவது

வட அரைக்கோளத்தில் அறுவடை செப்டம்பர், அக்டோபரில். தெற்கில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அறுவடையைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. ஆனால் அந்த வாரங்களில் ஒயின் செய்கிறவருக்குத் தூங்கவே நேரம் இருக்காது, உங்களோடு உட்கார்ந்து கதை பேசவா போகிறார்? குறுகிய தோட்டச் சாலைகளில் டிராக்டர்கள் வேறு. நிதானமாகப் பேச ஆள் வேண்டும் என்றால் மே, ஜூன். இலையெல்லாம் மஞ்சளாக மாறுகிற அழகுதான் வேண்டும் என்றால் அறுவடை முடிந்த அக்டோபர் கடைசி. கோடையின் உச்சத்தில் மட்டும் வேண்டாம். வெயிலும் ஒயினும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மே முதல் ஜூலை வரை கொடிகளுக்கு மருந்து அடிப்பார்கள். முன்னால் தெளிப்பான் போகிறது என்றால் நின்று, காற்று வீசும் திசையைப் பார்த்து விலகிக்கொள்ளுங்கள்.

படி 3: நாளைப் பின்னாலிருந்து திட்டமிடுங்கள்

முதலில் அன்றிரவு எங்கே படுக்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். அடுத்து, அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள ஒரு நிலவறையையோ ஒயின் விடுதியையோ கடைசி நிறுத்தமாக வையுங்கள். குடிப்பது அங்கேதான். பிறகு வழியில், காலை பதினொரு மணி வாக்கில், ஒரே ஒரு நிறுத்தம். அந்த நேரத்தில் நாக்கு தெளிவாக இருக்கும், பசி எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கும், மணமும் நன்றாகப் பிடிபடும். மிஞ்சிப்போனால் மதியத்துக்கு மேல் இன்னொன்று. ஒரு நாளைக்கு மூன்றுதான், நான்காவதை உங்கள் குறிப்பேடே மன்னிக்காது.

தூரம்? ஒயின் இல்லாத நாளில் 70 கி.மீ. ஓட்டுகிறவர் என்றால் இங்கே 35 அல்லது 40 வையுங்கள். ஒரு நிலவறையில் ஒரு மணி நேரம் என்று நினைத்துப் போவீர்கள், இரண்டு மணி ஆகிவிடும். பெரிய ஏற்றங்களைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். இறக்கங்களும் அப்படியே, துப்பியே ருசி பார்த்திருந்தாலும் மாலைக் களைப்போடு வளைந்து இறங்கும் சாலை நல்லதல்ல.

படி 4: சொல்லிவிட்டுப் போங்கள்

பர்கண்டியில் பல தோட்டங்கள் ஒரு குடும்பம் மட்டும் நடத்துபவை. கதவைத் தட்டினால் கையெல்லாம் கறையோடு முதலாளியே வந்து நிற்பார். முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பியோ தொலைபேசியில் கேட்டோ நேரம் வாங்கிக்கொள்வது மரியாதை. பிரான்சின் கிராமங்களில் நண்பகல் 12 முதல் 2 வரை பல இடங்கள் மூடியிருக்கும், ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. சைக்கிளில் வருகிறோம், அரை மணி முன்னே பின்னே ஆகலாம் என்று சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சொல்லாமல் போகாமல் இருப்பதுதான் குற்றம்.

முன்பதிவே தேவைப்படாத இடங்களும் உண்டு, எனக்கு அவைதான் அதிகம் பிடிக்கும். ஆஸ்திரியாவில் ஹொய்ரிகர் என்பார்கள். ஒயின் விவசாயிகள் தங்கள் ஒயினைத் தங்கள் வீட்டிலேயே விற்கலாம் என்று 1784-இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் ஆணை போட்டார், அதிலிருந்து வருகிற வழக்கம். வாசலில் ஒரு கொம்பில் பச்சைக் கிளைகளைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தால் ‘இன்று திறந்திருக்கிறது’ என்று அர்த்தம். ஜெர்மனியில் இதன் உறவுக்காரர் ஸ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட். ஆண்டுக்கு நான்கு மாதம் மட்டுமே திறக்க அனுமதி உள்ள விவசாயி வீட்டுத் திண்ணைக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மிதித்துக்கொண்டே போகும்போது அந்தக் கிளைக்கொத்து கண்ணில் பட்டால், திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம்.

படி 5: உள்ளே நுழைவதற்கு முன்

கார்க்காரர்களுக்கு இல்லாத சில சிக்கல்கள் நமக்கு உண்டு.

கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சங்கிலி எண்ணெயும் வெயில் களிம்பும் கோப்பையை மூக்கருகே கொண்டுபோகும்போது ஒயினை முந்திக்கொண்டு வரும். அப்புறம், பாட்டிலில் கலந்து வைத்திருக்கும் இனிப்புச் சத்து பானத்தையோ ஜெல்லையோ அரை மணிக்கு முன்பே நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள். நாக்கில் இனிப்பு தங்கியிருந்தால் உலர் ஒயின், அதாவது இனிப்பில்லாத ஒயின், வெறும் புளிப்பாகவும் கசப்பாகவும் தெரியும். ஒயின் மேல் பழி போட்டுவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், குற்றவாளி அவர்கள் சட்டைப் பையில் இருந்த ஜெல். வாய் உலர்ந்திருந்தாலும் இதே கதைதான்: சிவப்பு ஒயினின் துவர்ப்பு ஈறைப் பிடித்து இழுக்கும். நிழலில் பத்து நிமிடம் உட்கார்ந்து, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, மூச்சு சமநிலைக்கு வந்த பிறகு கதவைத் தட்டுங்கள்.

ஆழமான நிலவறை எப்போதும் 12 டிகிரி வாக்கில்தான் இருக்கும். வெளியே 30 டிகிரியில் வேர்த்து நனைந்த சட்டையோடு உள்ளே போனால் ஐந்தே நிமிடத்தில் பல் கிட்டும். ஒரு மெல்லிய காற்றுச் சட்டை கையோடு இருக்கட்டும். பெடலில் மாட்டும் கிளீட் உள்ள காலணியோடு ஈரமான கல் படிகளில் இறங்காதீர்கள். வழுக்கி விழுந்தால் எலும்பு மட்டும் அல்ல, பக்கத்து அடுக்கில் இருக்கும் புட்டிகளும் போகும். அறுவடைக் காலத்தில் ஒயின் நொதிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியாகித் தாழ்வான அறைகளில் தேங்கும், அது ஆளையே கொல்லக்கூடியது. ‘அங்கே போகாதீர்கள்’ என்று வீட்டுக்காரர் சொன்னால் வேடிக்கை பார்க்கக்கூடப் போகாதீர்கள்.

படி 6: ருசி பார்ப்பதும் துப்புவதும்

வரிசை பெரும்பாலும் அவர்களே வைத்திருப்பார்கள்: நுரைப்பது, உலர் வெள்ளை, ரோஸ் எனப்படும் இளஞ்சிவப்பு, சிவப்பு, கடைசியில் இனிப்பு. கோப்பையைத் தண்டில் பிடியுங்கள். முதலில் அசைக்காமல் ஒருமுறை முகருங்கள், பிறகு மேசையிலேயே வைத்து மெல்லச் சுழற்றி இன்னொருமுறை. இரண்டு மணமும் வேறு வேறாக இருப்பதைக் கவனிப்பதுதான் பாதி சந்தோஷம். ஒரு தேக்கரண்டிக்கும் கொஞ்சம் கூடுதலாக வாயில் எடுத்து, நாக்கின் எல்லாப் பக்கமும் படும்படி உருட்டி, இதழைக் குவித்து லேசாகக் காற்றை உள்ளிழுங்கள். மணம் மூக்கின் பின்பக்கமாக ஏறும். பத்து நொடி போதும்.

இப்போது துப்ப வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் தயங்குவார்கள். விருந்தாளியாகப் போய், அவர் ஊற்றிக் கொடுத்ததை அவர் கண்ணெதிரே துப்புவதா? தயக்கமே வேண்டாம். ஒயின் செய்கிறவர்கள் நாள் முழுக்கத் துப்புகிறவர்கள்தான். அதற்கென்றே மேசையில் படிக்கம் வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் கேளுங்கள். நிலவறைச் சரளைத் தரையைக் காட்டி ‘அங்கேயே துப்புங்கள்’ என்பவர்களும் உண்டு. ‘சைக்கிளில் வந்திருக்கிறோம்’ என்று சொல்லிவிட்டுத் துப்புகிறவரை, எல்லாவற்றையும் மடக் மடக்கென்று விழுங்குகிறவரைவிட மரியாதையாகத்தான் பார்ப்பார்கள்.

துப்புவதிலும் ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. உதட்டைச் சிறு துளையாகக் குவித்து, கன்னத் தசையால் அழுத்தி, ஒரே வீச்சில் தள்ள வேண்டும். தயங்கித் தயங்கி விட்டால் மோவாயில் வழியும், வெள்ளைச் சட்டையில் சிவப்பு ஒயின் என்றால் பயணம் முழுக்க அந்தக் கறை கூடவே வரும். ஊரிலிருந்து கிளம்பும் முன் குளியலறையில் தண்ணீரை வைத்துப் பழகுங்கள். வேடிக்கையாகச் சொல்லவில்லை.

துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். ஆனால் விழுங்குவதோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது. எத்தனை சிறியது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

படி 7: கணக்கும் சட்டமும்

150 மில்லி, 12 சதவீத ஒயின் ஒரு கோப்பையில் ஏறக்குறைய 14 கிராம் ஆல்கஹால். 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு அது ரத்தத்தில் சுமார் 0.3 பெர்மில் ஏற்றும், அதாவது ஆயிரத்தில் 0.3 பங்கு. எடை குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் இதைவிட அதிகம். உடல் மணிக்குத் தோராயமாக 0.15 பெர்மில் இறக்கும். ஆக, ஒரு கோப்பை கரைய இரண்டு மணி நேரம். வேர்க்க விறுவிறுக்க மிதித்தால் சீக்கிரம் இறங்கிவிடும் என்பது கட்டுக்கதை. வேலை செய்வது ஈரல், அதற்கு உங்கள் தொடையின் வேகம் தெரியாது.

இப்போது நிலவறைக்கு வருவோம். ஒருமுறை ஊற்றுவது 40 மில்லி என்று வையுங்கள், ஆறு ஒயின், 13 சதவீதம். அத்தனையையும் விழுங்கினால் 240 மில்லி, சுமார் 25 கிராம் ஆல்கஹால், 0.5 பெர்மில். ‘சும்மா ருசிதானே பார்த்தேன்’ என்று வெளியே வருகிறவர், பிரான்சின் சட்ட வரம்பில் வந்து நிற்கிறார். ஒரே இடத்தில்!

அந்த வரம்பு சைக்கிளுக்கும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பிரான்சிலும் இத்தாலியிலும் 0.5. ஆஸ்திரியாவில் சைக்கிள்காரர்களுக்கு 0.8. ஜெர்மனியில் 1.6-ஐத் தொட்டாலே குற்றம். தள்ளாடி ஓட்டினாலோ விபத்தில் சிக்கினாலோ 0.3-க்கே மாட்டிக்கொள்வீர்கள். ஜெர்மனியின் 1.6-ஐப் பார்த்துவிட்டு ‘நிறைய இடம் இருக்கிறதே’ என்று நினைக்க வேண்டாம், இரண்டு சக்கரத்தில் சமநிலை அதற்கு வெகு முன்பே போய்விடும். அதனால் என் கணக்கு எளிது: இன்னும் ஓட்ட வேண்டியிருந்தால் எல்லாவற்றையும் துப்புவது, மிகவும் பிடித்த ஒன்றை மட்டும் ஒரு வாய் விழுங்குவது.

விழுங்கித்தான் ஆக வேண்டும் என்றால் லேசானதைத் தேடுங்கள். வாஹாவில் உலர் வெள்ளை ஒயின்களை மூன்றாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஷ்டைன்ஃபெடர் என்றால் 11.5 சதவீதத்துக்கு மேல் போகாது, ஃபெடர்ஷ்பீல் 11.5 முதல் 12.5 வரை, ஸ்மாரக்ட் 12.5-இல் தொடங்கும். மதிய நிழலுக்கு முதலாவது, ராத்திரிக்குக் கடைசி. மோசலின் லேசான இனிப்புள்ள, கபினெட் என்ற வகை ரீஸ்லிங் பல சமயம் 8 சதவீத வாக்கில்தான் இருக்கும். சோடா கலந்த ஒயினில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். ஜெர்மனியில் ஷோர்லே என்று அரை லிட்டர் கண்ணாடியில் வரும். பாதிக்குப் பாதி என்றாலும் அதில் 250 மில்லி ஒயின் இருக்கிறது. தாகத்துக்குக் குடிப்பது போல இறங்கும், ஏறும்போதுதான் தெரியும்.

தாகத்துக்குத் தண்ணீர்தான். ஆல்கஹால், உடலில் நீரைத் தேக்கி வைக்கும் ஹார்மோனை அடக்கிவிடும். சிறுநீராகப் போய்க்கொண்டே இருக்கும். ஏற்கெனவே வேர்வையில் நீர் இழந்த உடம்புக்கு இது இரட்டை அடி. கோடை உச்சம் வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். வெறும் வயிற்றிலும் வேண்டாம். சாப்பிட்டிருந்தால் ஆல்கஹால் இரைப்பையில் தங்கி மெதுவாகத்தான் குடலுக்கு இறங்கும், போதையும் மெதுவாக ஏறும்.

படி 8: வாங்குவதும் சுமப்பதும்

ஒரு முழுப் புட்டி 1.2 முதல் 1.5 கிலோ இருக்கும். ஆறு வாங்கினால் எட்டு கிலோ, அடுத்த ஏற்றத்தில் ஒவ்வொரு கிராமும் பெயர் சொல்லிக் கூப்பிடும். அன்றிரவுக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. பின் சக்கரத்தின் இருபுறமும் தொங்கும் பைகளில் பக்கத்துக்கு ஒன்றாக, துணியில் சுற்றி, அடியில் வையுங்கள். எடை ஒரே பக்கம் இருந்தால் கைப்பிடி இழுக்கும். வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனால் பைக்குள் ஒயின் சூடாகிவிடும். மூடித்தக்கை வெளியே தள்ளும், ருசியும் வேக வைத்த பழம் மாதிரி ஆகிவிடும். அதிகம் வேண்டும் என்றால் பெட்டியாக அனுப்பி வைக்கச் சொல்லுங்கள், பல தோட்டங்கள் செய்து கொடுக்கும். எதுவுமே வாங்காமல் வருவதானால் ருசி பார்த்ததற்குக் கட்டணம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இலையுதிர் காலத்தில் ஜெர்மனி போகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஃபெடர்வைசர் என்று ஒன்று விற்பார்கள்: இன்னும் நொதித்துக்கொண்டே இருக்கிற, கலங்கலான, இனிப்பான புது ஒயின். உள்ளே வாயு உருவாகிக்கொண்டே இருப்பதால் மூடியை இறுக்கியிருக்க மாட்டார்கள். நின்ற நிலையிலேயே வைக்க வேண்டிய புட்டி அது. எனக்கு அது தெரியாது. சமர்த்தாகப் பையில் படுக்க வைத்தேன். கருங்கல் பாவிய தெருவில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டியதும் பின்னால் யாரோ சீறுவது மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் பையின் தையல் வழியே நுரை பொங்கி சக்கரத்தில் வழிகிறது. மாற்றுத் துணி, வரைபடம், மழைச் சட்டை எல்லாம் ஊறிப்போயின. அடுத்த நான்கு நாளும் எங்கே நின்றாலும் குளவிகள் என் பையைத் தேடி வந்தன.

படி 9: வண்டியைப் பூட்டிய பிறகு

அறைக்கு வந்ததும் நேராகக் கோப்பையைத் தேடாதீர்கள். குளியுங்கள், தண்ணீர் குடியுங்கள், ஏதாவது உப்பாகக் கொஞ்சம் சாப்பிடுங்கள். வண்டியைப் பூட்டி, சாவியை அறையிலேயே வைத்துவிட்டு நடந்து போங்கள்.

பகலில் துப்பிய ஒயின்களில் எது மனதில் நின்றதோ அதையே கேட்டு ஒரு கோப்பை வாங்குங்கள். காலையில் பத்து நொடியில் பார்த்ததை இப்போது ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். முதல் வாயில் எலுமிச்சை மாதிரி வெட்டிய ரீஸ்லிங், கோப்பையில் கொஞ்சம் சூடு ஏறியதும் பழுத்த பழ மணத்துக்கு மாறும். குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். மோசல் கரையில் உட்கார்ந்தால், மாலை வெளிச்சத்தில் எதிர்க்கரைச் சரிவில் கொடி வரிசைகள் ஒவ்வொன்றாக இருட்டுக்குள் போகும். அன்று காலையில் எந்த வரிசைக்குக் கீழே மூச்சு வாங்க நின்றீர்கள் என்று விரலால் காட்ட முடியும்.